இளம் ஓட்டுநரும் சிதறும் கவனமும்: அமெரிக்க அனுபவத்தின் வரலாறு

அமெரிக்காவில் காரோட்டியின் கவனத்தைக் கெடுப்பதாக முதலில் புகாருக்கு உள்ளான கருவி வானொலி. கால்வின் நிறுவனம் 1930இல் மோட்டோரோலா என்ற பெயரில் கார் வானொலியை விற்கத் தொடங்கியதும், அதைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல்கள் சில இடங்களில் எழுந்து, சட்டமாகாமலே அடங்கின. 1946 ஜூனில் செயின்ட் லூயிஸ் நகரில் காரிலிருந்து பேசும் தொலைபேசிச் சேவை வந்தது. அந்தக் கருவியின் எடை சுமார் 36 கிலோ. அதை வாங்கும் வசதி பதின்ம வயதினருக்கு இல்லாததால், அவர்களைப் பற்றிய கவலை வேறு திசையில் வளர்ந்தது.

பெரும்பாலான மாநிலங்களில் 16 வயதிலேயே உரிமம் கிடைத்துவிடும். சிறுவர்களைச் சாலைக்கு அனுப்புமுன் முறையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்பதே அன்றைய நம்பிக்கை. பென்சில்வேனியா அரசுக் கல்லூரியின் பேராசிரியர் ஏமஸ் நேஹார்ட் 1934இல் தம் சொந்த கிரஹாம்-பெய்ஜ் காரைக் கொண்டு ஸ்டேட் காலேஜ் ஊரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஓட்டக் கற்றுத்தந்தார். பள்ளிப் பாடமாக ஓட்டுநர் பயிற்சி வளர்ந்தது அங்கிருந்துதான். அடுத்த முப்பது ஆண்டுகளில் அது நாடெங்கும் பரவியது. கார் விற்பனையாளர்கள் பள்ளிகளுக்கு வண்டி கொடுத்தார்கள். பயிற்சி முடித்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணத்தைக் குறைத்தன. பாடம் பயன் தருகிறதா என்று அப்போது யாரும் தீவிரமாகச் சோதிக்கவில்லை.

ஜார்ஜியா மாநிலத்தின் டிகால்ப் கவுண்டியில் 1970களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வு அதைச் சோதித்தது. ஏறக்குறைய 16,000 மாணவர்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள்: ஒரு பிரிவுக்கு நீண்ட, தீவிரமான பயிற்சி, இன்னொன்றுக்குக் குறுகிய பயிற்சி, மூன்றாவதற்குப் பள்ளியில் எதுவும் இல்லை. தீவிரப் பயிற்சி பெற்றவர்களிடம் தொடக்கத்தில் தென்பட்ட சிறிய நன்மையும் சில மாதங்களில் கரைந்துபோனது. கனெக்டிகட்டிலிருந்து வந்த முடிவு இன்னும் சங்கடமானது. அங்கே சில பள்ளிகள் செலவைக் குறைப்பதற்காகப் பயிற்சியைக் கைவிட்டபோது, 16, 17 வயதில் உரிமம் வாங்குவோர் குறைந்தார்கள். அந்த வயதினரின் விபத்துகளும் குறைந்தன. பள்ளிப் பாடம் பிள்ளைகளைச் சாலைக்கு முன்கூட்டியே கொண்டுவந்துகொண்டிருந்தது!

இதற்கு மாற்று வழியை வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர் பட்ரிசியா வாலர் 1970களிலேயே முன்வைத்திருந்தார். உரிமத்தை ஒரே நாளில் முழுதாகக் கொடுக்காமல், ஆபத்துக் குறைந்த சூழலில் முதலில் ஓட்டவிட்டு, அனுபவம் சேரச் சேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது அவருடைய யோசனை. அதை நாடு முழுவதற்குமான சட்டமாக்கியது நியூசிலாந்து, 1987இல். பழகுநர் கட்டத்தைத் தாண்டிய இளைஞர், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியாக ஓட்டக்கூடாது. அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் பயணிகளை ஏற்றக்கூடாது. அமெரிக்காவில் 1996இல் ஃபுளோரிடாவும், 1997இல் மிச்சிகனும் வட கரோலினாவும் படிநிலை உரிமத்தை ஏற்றன. இந்தப் பின்னிரு மாநிலங்களிலும் 1999க்குள் 16 வயது ஓட்டுநர்களின் விபத்து விகிதம் சுமார் கால் பங்கு குறைந்ததாக 2001இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின.

கவனச்சிதறலைத் தடுக்கும் சட்டம் என்று இதை யாரும் அழைக்கவில்லை. ஆனால் பயணிகள் மீதான கட்டுப்பாடு செய்தது அதைத்தான். 16 வயதுப் பிள்ளை தனியாக ஓட்டுவதோடு ஒப்பிட்டால், ஒருவர் உடன் இருக்கும்போது உயிரிழக்கும் அபாயம் சுமார் 1.4 மடங்கு, மூவரோ அதற்கு மேலோ இருக்கும்போது சுமார் 2.8 மடங்கு என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. பின்னிருக்கை அரட்டையும் கேலியும், வேகமாகப் போகச்சொல்லும் தூண்டுதலும் வானொலியைவிடப் பழையவை.

செல்பேசி இதற்குள் எல்லார் கைக்கும் வந்துவிட்டது. டொரோண்டோவில் நடந்த ஆய்வொன்று, பேசிக்கொண்டே ஓட்டும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்காகிறது என்றும், கையில் பிடிக்காமல் பேசுவதால் ஆபத்துக் குறைவதாகத் தெரியவில்லை என்றும் 1997இல் கூறியது. ஆனால் சட்டங்கள் கையைத்தான் குறிவைத்தன. கையில் பிடித்துப் பேசுவதை 2001இல் நியூயார்க்கும், குறுஞ்செய்தி அனுப்புவதை 2007இல் வாஷிங்டன் மாநிலமும் முதலில் தடைசெய்தன. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடி திரையைப் பார்த்தால், கார் 125 மீட்டர் ஓடியிருக்கும். யூட்டாவில் 2006 செப்டம்பரில் ஒரு மழைக் காலையில், 19 வயது இளைஞரின் வண்டி நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வந்த காரில் உரச, அதிலிருந்த அறிவியலாளர் இருவரும் இறந்தார்கள். குறுஞ்செய்தியே காரணம் என்று தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு நிறுவ நெடுங்காலம் பிடித்தது. 2009இல் யூட்டா கடும் தண்டனைச் சட்டம் கொண்டுவந்தது; அதே ஆண்டு மத்தியப் போக்குவரத்துத் துறை வாஷிங்டன் தலைநகரில் கவனச்சிதறல் குறித்துத் தனி மாநாடு கூட்டியது.

இளையோருக்கு மட்டுமான தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை வட கரோலினா காட்டியது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஓட்டும்போது செல்பேசியைத் தொடக்கூடாது என்ற சட்டம் 2006 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பள்ளி விட்டு வெளியேறும் கார்களை ஆய்வாளர்கள் வாசலில் நின்று எண்ணினார்கள். சட்டத்துக்கு முன் செல்பேசியோடு ஓட்டியவர்கள் 11 சதவீதம்; பின்னர் 11.8 சதவீதம்! கடந்து செல்லும் காருக்குள் இருப்பவருக்கு 17 வயதா 19 வயதா என்று காவலர் எப்படி அறிவார்? நியூ ஜெர்சி 2010இல் இதற்கு ஒரு விடை சொன்னது. படிநிலை உரிமம் வைத்திருக்கும் 21 வயதுக்கு உட்பட்டோர் நம்பர் பிளேட்டின் மூலையில், முன்னும் பின்னும், ஒளியைத் திருப்பும் சின்னஞ்சிறு சிவப்பு வில்லையை ஒட்ட வேண்டும். தீயவர்கள் பிள்ளைகளை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்று பெற்றோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள்; மாநில உச்ச நீதிமன்றம் 2012இல் சட்டத்தை உறுதிசெய்தது. முதலாண்டிலேயே விபத்துகள் சுமார் 9 சதவீதம் குறைந்ததாக ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் கண்டார்கள். தடையை நிறைவேற்ற வழியும் சேர்ந்திருந்ததே இதன் பலம்.

பிரசாரப் படங்களும் வந்தன. வெர்னர் ஹெர்சாக் 2013இல் எடுத்த 35 நிமிட ஆவணப்படம் பல்லாயிரம் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டது. இத்தகைய படங்கள் மனத்தை உலுக்கும். பழக்கத்தை மாற்றுமா என்பது வேறு கேள்வி. ஃபோர்டு 2008இல் அறிவித்த சாவியைக் கொண்டு, பிள்ளை ஓட்டும்போது வேகத்துக்கும் வானொலிச் சத்தத்துக்கும் பெற்றோர் வரம்பு வைக்கலாம். ஆப்பிள் 2017இல் ஓட்டும்போது அறிவிப்புகளை அடக்கும் வசதி தந்தது. வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம்.

பதின்ம வயதினரின் கார்களுக்குள் பொருத்திய கேமராக்களில் பதிவான சுமார் 1,700 காட்சிகளை அயோவா பல்கலைக்கழகம் ஆராய்ந்து, 2015இல் முடிவை வெளியிட்டது. நடுத்தர, கடும் விபத்துகளில் 58 சதவீதத்தில் கவனச்சிதறல் இருந்தது. உடன் வந்தவர்களோடு பேசியதும் பழகியதும் 15 சதவீதம். செல்பேசி 12 சதவீதம்.

பெரியவர்களுக்கான சட்டம் பல இடங்களில் தாமதித்தே வந்தது. மிசௌரி 2009இல் குறுஞ்செய்தியைத் தடைசெய்தபோது, 21 வயது வரையிலான ஓட்டுநர்களையே கட்டுப்படுத்தியது. எல்லா வயதினருக்குமான சட்டம் அங்கே 2023 ஆகஸ்டில்தான் அமலானது. அதன்படி அபராதம் விதிக்கத் தொடங்கியது 2025 ஜனவரியில்.