விபூதிபூஷண் நாவல்களில் ஊரும் காடும்

வங்க நாவலாசிரியர் விபூதிபூஷண் பந்தோபாத்யாயரை (1894–1950) இயற்கையை அழகுற வருணித்தவர் என்று மட்டும் மதிப்பிடுவது நிறைவுடையதாகாது. மரஞ்செடிகளைப் பெயர் சொல்லி அறிந்த நாட்டுப்புற இளமையே அவர்தம் இயற்கைப் பற்றுக்கு அடிப்படை. அவரை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் அப்பெயர்களிலேயே தொடங்குகிறது.

இச்சாமதி ஆற்றங்கரையில், கோபால்நகரை அடுத்த பாராக்பூர் என்னும் சிற்றூரில் அவர் வளர்ந்தார். தந்தை மகானந்தர் வடமொழி கற்றவர். புராணக் கதை சொல்பவர். ‘பதேர் பாஞ்சாலி’ (1929) நாவலில் வரும் நிச்சிந்திபுரமும் ஹரிஹரும் இப்பின்புலத்தில் உருப்பெற்றவை. எனினும் அந்நாவல் ஊரிலிருந்து எழுதப்பட்டதன்று. பீகாரின் பாகல்பூர்ப் பகுதியில் ஒரு ஜமீனின் காட்டு நிலங்களை மேற்பார்வையிட்ட காலத்தில் எழுதப்பட்டது. அப்பணியை விட்டுப் பல்லாண்டு கழிந்தபின், அக்காட்டையே களமாகக் கொண்ட ‘ஆரண்யக்’ (1939) வெளிவந்தது. இவ்வாறு இரு நிலங்களும் பிரிவுக்குப் பின்னரே எழுத்தாயின.

‘ஆரண்யக்’ நாவலில் பற்றோடு குற்றவுணர்வும் கலந்துள்ளது. கதை சொல்லும் சத்யசரண், தான் நேசிக்கும் காட்டைக் குடிகளுக்குப் பங்கிட்டுக் குத்தகைக்கு விடும் அலுவலன். அவன் காலத்திலேயே காடு விளைநிலமாகிறது. யுகலபிரசாத் என்னும் பாத்திரமோ, பயன் எதனையும் கருதாமல், பிற இடங்களின் பூச்செடிகளையும் கொடிகளையும் கொணர்ந்து காட்டில் நடுகிறான். நாவலின் இறுதியில் சத்யசரண் காட்டின் தொல்தெய்வங்களிடம் மன்னிப்பு வேண்டுகிறான்.

மொழிபெயர்ப்பில் இவ்வுணர்வு எவ்வாறு சென்று சேர்கிறது என்பது ஆராயத்தக்கது. வங்கமொழியின் ‘காஷ்’ தமிழில் நாணல் வகையைச் சார்ந்தது. ஆனால், காஷ் பூத்தது என்றதும் வங்க வாசகர் மழைக்காலம் ஓய்ந்து துர்க்கா பூசை நெருங்குவதை உணர்வர். நாணல் என்றதும் தமிழ் வாசகர் வெள்ளத்திற்கு வளைந்து கொடுக்கும் இயல்பையே நினைப்பர். பொருள் பொருந்தினும் பருவம் விடுபடுகிறது.

தலைப்பிலும் இத்தகைய மாற்றம் உண்டு. ‘ஆரண்யக்’ என்பது காட்டைச் சார்ந்தது எனப் பொருள்படுவதோடு, வேத இலக்கியத்தின் ஆரணியகங்களையும் நினைவூட்டும். த. நா. சேனாபதியின் தமிழாக்கம் ‘வனவாசி’ எனப் பெயர் பெற்றபோது, காட்டைச் சுட்டிய சொல் காட்டில் வாழ்பவரைச் சுட்டுவதாயிற்று.

எனவே, இத்தகைய படைப்புகளில் தாவரப் பெயருக்கு நேர்ச்சொல் காண்பது மட்டும் போதாது. அப்பெயர் மூலமொழியில் எந்தப் பருவத்தை, எந்த வாழ்வை உணர்த்துகிறது என்பதையும் தொடரின் போக்கிலேயே புலப்படுத்துதல் வேண்டும்.