பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம்

இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் பொதுத்துறை நிறுவனம். தலைமையகம் பெங்களூரு. 1954 ஏப்ரல் 21 அன்று தொடங்கப்பட்டது. ரேடார், சோனார், இரவுப்பார்வைக் கருவி, லேசர் தூரமானி, டாங்கிக் குறிநோக்கி என முப்படைகளுக்கும் கண்ணும் காதுமாக இருக்கும் கருவிகளைச் செய்வது இதன் முதன்மைத் தொழில். சுருக்கப் பெயர் பி.இ.எல். தமிழ்நாட்டில் 'பெல்' என்றால் திருச்சிக் கொதிகலன் ஆலைதான் நினைவுக்கு வரும். அது பி.எச்.இ.எல்.; இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இந்த நிறுவனம் எழுத்தாளர் சுஜாதா வழியாகத்தான் முதலில் அறிமுகமாகியிருக்கும். அலுவலகப் பதிவேட்டில் எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளரான அவர் இங்கேதான் நெடுங்காலம் வேலை பார்த்தார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. மலேசியாவின் பினாங்கிலும் கிள்ளானிலும் அவர் கதைகளை வரி விடாமல் படித்தவர்கள்கூட, அவர் பகலில் எந்த மாதிரி இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்று யோசித்திருக்க மாட்டார்கள்.

தொடக்கம்

சுதந்திரம் வந்தபோது இந்தியப் படைகளின் வானொலிக் கருவிகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷார் விட்டுச் சென்றவை. ஒரு வால்வு கெட்டால்கூட வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த நிலையை மாற்ற பிரான்சின் சி.எஸ்.எஃப். நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பெங்களூரின் வடக்கே ஜாலஹள்ளியில் ஆலை எழுப்பினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்க்கைதிகளின் முகாம் இருந்த வட்டாரம் அது. பினாங்கின் கெலுகோர்க்காரர்களுக்கு இது புதுமையாக இருக்காது. அங்கும் பிரிட்டிஷ் படையின் மிண்டன் பாசறைதான் பிறகு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஆனது.

1956-இல் தகவல்தொடர்புக் கருவிகளோடு உற்பத்தி தொடங்கியது. 1961-இல் வானொலி வால்வுகள், 1962-இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், 1964-இல் அகில இந்திய வானொலிக்கு ஒலிபரப்பிகள், 1967-இல் சிலிக்கான் சாதனங்கள். ராணுவத்துக்கான ஆலை என்றாலும் இந்தக் காலத்தில் அதைச் சாமானியர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது டிரான்சிஸ்டர்தான். எழுபதுகளில் சென்னை ரிச்சி தெருவில் பி.சி.148 வாங்கி, பலகையில் ஆணியடித்து ரேடியோ செய்து பார்த்த பையன்களுக்கு அதன் மேல் பொறித்திருந்த மூன்று எழுத்துகள் நன்றாகத் தெரியும்.

பினாங்கின் மின்னணுத் தொழில் இதற்கு நேர் எதிரான வழியில் வந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸ் வரிவிலக்கு வட்டாரத்தில் இன்டெல்லும் ஹியூலெட் பக்கார்டும் கடை திறந்தன. நுண்நோக்கியில் கண் பதித்து, தலைமயிரைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லோடு இணைத்த இளம்பெண்களின் கையில் வளர்ந்தது அது. பினாங்கு உலகத்துக்கு உதிரிப்பாகம் செய்தது. பெங்களூரு பெரும்பாலும் ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு, அரசுக்கு, முழுக் கருவி செய்தது. பினாங்கு வழியில் வேகம் இருந்தது, சந்தை இருந்தது. பெங்களூரு வழியில் ஒரு கருவியை முதல் திருகாணியிலிருந்து கடைசிச் சோதனை வரை அறிந்தவர்கள் உருவானார்கள். அதற்குக் கொடுத்த விலை தாமதம்.

உரிமம் வாங்கிய காலம்

1966-இல் தரைப்படைக்கான ரேடார் பிரிவும் சொந்த ஆராய்ச்சிப் பிரிவும் அமைந்தன. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் ஆலையை விட்டு வெளியே போன பெரிய ரேடார்களில் பெரும்பாலானவை வேறொருவரின் வரைபடத்தைப் பார்த்துச் செய்தவை. மும்பை மசகான் தளத்தில் கட்டிய லியாண்டர் வகைப் போர்க்கப்பல்களுக்கு நெதர்லாந்தின் சிக்னால் நிறுவனத்து ரேடார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு அதே நிறுவனத்தின் 'ஃபிளைகேட்சர்'. 1974-இல் தொடங்கிய காசியாபாத் ஆலையில் பிரெஞ்சு ரேடார்கள். உரிமம் வாங்கிச் செய்வதைக் கேவலமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது சரியல்ல. பிறர் வரைந்ததைச் செய்து, கெட்டால் பிரித்து, ஏன் கெட்டது என்று பார்த்த கைகள் இல்லாமல் பிறகு வந்த சொந்த ரேடார்கள் ஆய்வக மேசையைத் தாண்டியிருக்காது.

நீருக்குள் ஒரு காது

1971 டிசம்பர் 9 இரவு, குஜராத் கரைக்கு அப்பால் பாகிஸ்தானின் 'ஹாங்கோர்' நீர்மூழ்கி, இந்தியக் கடற்படையின் 'குக்ரி' கப்பலை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். நீர்மூழ்கியைத் தேடிப் போன கப்பலே அதற்கு இரையானது. கப்பலில் சோனார் இருந்தது, அது போதவில்லை.

சோனார் செய்வது சொல்வதற்கு எளிது. தண்ணீருக்குள் ஓர் ஒலித்துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்காகக் காத்திருக்க வேண்டும். கடல்நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். எதிரொலி வர நான்கு வினாடி ஆனால் பொருள் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் கடல் அவ்வளவு ஒழுங்கானதல்ல. அரபிக்கடல் போன்ற வெப்பக் கடல்களில் மேல்நீர் சூடு, அடிநீர் குளிர். இரண்டும் சேருமிடத்தில் ஒலி வளைந்து கீழே இறங்கிவிடும். அந்த வளைவுக்கு அடியில் ஒரு நீர்மூழ்கி, கூரைக்குக் கீழே உட்கார்ந்த மாதிரி ஒளிந்துகொள்ளலாம். போதாததற்கு அலை, இறால் கூட்டம், சொந்தக் கப்பலின் எஞ்சின் என்று எல்லாமும் சத்தம் போடும். அத்தனை இரைச்சலுக்கு நடுவே ஒரு மெல்லிய எதிரொலியைப் பிரித்தெடுப்பதில்தான் வித்தை இருக்கிறது. அது பெரும்பாலும் கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டவர் பொள்ளாச்சிக்காரர். 1944-இல் பிறந்து, பள்ளிப் பருவம் முடிந்ததும் தேசியப் பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்து கடற்படை அதிகாரியான ஆரோக்கியசாமி பால்ராஜ். டெல்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த அவரிடம், போருக்குப் பிறகு பழைய பிரிட்டிஷ் சோனாரை மேம்படுத்தும் வேலை வந்தது. அதை முடித்துவிட்டு, கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வகத்தில் 'அப்ஸோ' என்ற புதிய சோனாரை வடிவமைக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். கப்பலின் அடிவயிற்றில் பொருத்தி, எல்லாத் திசைகளையும் ஒரே நேரத்தில் கேட்கும் கருவி அது. எண்பதுகளின் தொடக்கத்தில் 'ஹிம்கிரி' கப்பலில் ஏறியது. உற்பத்தி செய்தது பி.இ.எல். இந்தியாவில் உணர்கருவித் தொழில் உரிமத்திலிருந்து விலகிச் சொந்தக் காலில் நின்ற இடம் இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பால்ராஜ் பின்னர் பி.இ.எல்.லின் மத்திய ஆராய்ச்சிக் கூடத்திலும் பணியாற்றினார். 1990-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டு போனார். பல ஆன்டெனாக்களைச் சேர்த்து இயக்கி, ஒரே அலைவரிசையில் பல தகவல்களை அனுப்பும் 'மைமோ' முறையின் காப்புரிமையில் அவர் பெயர் உண்டு. இன்று கைப்பேசியிலும் வைஃபையிலும் அது இல்லாத இடமில்லை. 2014-இல் மார்க்கோனி பரிசு பெற்றார். பல காதுகளைச் சேர்த்து ஓர் ஓசையைப் பிரித்தெடுக்கும் கடலடிப் பயிற்சிக்கும் பல ஆன்டெனா கணக்குக்கும் உறவு உண்டு என்பது பார்த்தாலே தெரியும்.

கண்கள்: புனே, மச்சிலிப்பட்டினம், சென்னை

1979-இல் புனேயில் தொடங்கிய ஆலை பிம்பப் பெருக்கிக் குழாய்களைச் செய்தது. விண்மீன் வெளிச்சத்தில் வரும் சொற்ப ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றி, பெருக்கி, பச்சைத் திரையில் மீண்டும் படமாக்கும் குழாய் அது. 1983-இல் மச்சிலிப்பட்டினத்தின் ஆந்திர சயின்டிஃபிக் கம்பெனியை பி.இ.எல். எடுத்துக்கொண்டது. அந்தப் பழைய கம்பெனியின் லென்ஸ் பட்டறைதான் பிறகு இரவுப்பார்வைக் கருவிகளுக்கு அடித்தளம்.

சென்னை ஆலை 1985-இல் நந்தம்பாக்கத்தில் வந்தது. காரணம் ஆவடி. அங்கே டாங்கி செய்கிறார்கள்; டாங்கிக்குக் கண் வேண்டும். குறிபார்ப்பவர் பொத்தானை அழுத்தினால் ஒரு லேசர் துடிப்பு போய், எதிரில் பட்டுத் திரும்பும். இரண்டு கிலோமீட்டருக்குப் போய்வர ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் பதின்மூன்று பங்குதான் ஆகும். கருவி அதை அளந்து தூரத்தை எண்ணாகக் காட்டும். காற்றின் வேகம், வெடிமருந்தின் சூடு, டாங்கி நிற்கும் சாய்வு எல்லாவற்றையும் கணினி சேர்த்துப் பார்த்து, குழல் எவ்வளவு உயர வேண்டும் என்று சொல்லும். பழைய சுவீடன் பீரங்கியான எல்-70-க்கு கேமராவும் லேசரும் வெப்பப் படிமக் கருவியும் பொருத்திப் புத்துயிர் கொடுத்ததும் பி.இ.எல். 2025 மே மாத இந்திய-பாகிஸ்தான் மோதலில் ட்ரோன்களுக்கு எதிராக அந்தப் பீரங்கிகள் பயன்பட்டன.

பஞ்சாங்கத்து ரேடார்கள்

அண்மைக் கால இந்திய ரேடார்களின் பெயர்களைப் படித்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுவது போல இருக்கும். விமானப்படைக்கு ரோகிணி, கடற்படைக்கு ரேவதி. மலைகளில் தூக்கிச் செல்லும் சிறியவை பரணியும் அஸ்லேஷாவும். அஸ்லேஷா நமது ஆயில்யம். ஆருத்ரா, திருவாதிரை. வடிவமைத்தது பெங்களூரின் எல்.ஆர்.டி.இ. ஆய்வகம், செய்தது பி.இ.எல்.

இவற்றில் கதை உள்ளது சுவாதிக்குத்தான். 1999 கார்கில் போரில் எதிர்ப்பக்கப் பீரங்கி எங்கிருந்து சுடுகிறது என்று கண்டறியும் ரேடார் இந்தியாவிடம் இல்லை. 2002-இல் அமெரிக்காவிடம் வாங்கினார்கள். கூடவே சொந்தமாகவும் தொடங்கினார்கள். மாந்தோப்பில் விழும் கல் வந்த வளைவைப் பார்த்தே எறிந்த பையன் எந்த மதிலுக்குப் பின்னால் நிற்கிறான் என்று சொல்லிவிடும் காவல்காரரின் வேலைதான் இதுவும். குண்டு வானில் இருக்கும் சில வினாடிகளுக்குள் அதன் பாதையை அளந்து, பின்னோக்கிக் கணக்கிட்டு, புறப்பட்ட இடத்தைச் சொல்ல வேண்டும். சுவாதி பீரங்கிக் குண்டுகளை 30 கிலோமீட்டர் வரையிலும் ராக்கெட்டுகளை 40 கிலோமீட்டர் வரையிலும் பிடிக்கும். தரைப்படையிடம் ஒப்படைத்தது 2017 மார்ச்சில். கார்கிலுக்கும் அதற்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். 2020-இல் ஆர்மீனியா இதை வாங்கியது.

இவற்றின் பெருமை யாருக்கு என்பதில் வழக்கு உண்டு. செய்தித்தாள்கள் ஒரு நாள் ஆய்வகத்தின் சாதனை என்று எழுதும், மறுநாள் நிறுவனத்தின் சாதனை என்று எழுதும். உள்ளபடி பார்த்தால் அலையின் கணக்கு ஆய்வகத்துடையது. அந்தக் கணக்கை ராஜஸ்தான் வெயிலிலும் சியாச்சின் பனியிலும் ஒரே மாதிரி வேலை செய்ய வைத்தது ஆலையுடையது. பி.இ.எல். தானே முழுதாகக் கண்டுபிடித்தவை குறைவு. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆருத்ராவுக்கான ஒப்பந்தம் 2023 மார்ச்சில் கையெழுத்தானது. மதிப்பு 2,800 கோடி ரூபாய்க்கு மேல். 2025 மார்ச்சில் 2,906 கோடிக்கு இன்னொன்று. தாழப் பறக்கும் விமானங்களையும் ட்ரோன்களையும் பார்க்க, வண்டியில் ஏற்றிச் செல்லும் அந்த ரேடாரின் பெயர் அசுவினி. நட்சத்திர வரிசையில் முதலாவதான அது, ரேடார் வரிசையில் இவற்றுக்கெல்லாம் பின்னால் வந்திருக்கிறது.