பெரியம்மாவின் கணக்கும் ரெண்டு வைத்தியமும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க. பெரியம்மாவோட ஃபைலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சவன், அவ்வளவுதான். படிச்சதையும் கேட்டதையும் எழுதறேன்.

போடியிலருந்து தேவாரம் போற ரோட்டுல இருக்கு எங்க சிலமலை. பெரியம்மா முப்பது வருஷமா ஏலக்காய் தரம் பிரிக்கிறவங்க. கூட வேலை பார்க்கிற அத்தனை பொம்பளைங்களோட வாரக்கூலிக் கணக்கும் நோட்டே இல்லாம அவங்க மனசுல இருக்கும். பீடி வாசனைகூட ஆகாது. அவங்களுக்குத்தான் போன வருஷம் நுரையீரல் புற்றுநோய், மூளையில மூணு இடத்துல பரவியிருக்குன்னு ஸ்கேன்ல வந்துச்சு. முதல்ல தலைவலின்னு காட்டின இடத்துல கண்ணாடி மாத்தச் சொல்லி அனுப்பியிருந்தாங்க. அதை விடுங்க.

2023-ல வந்த போடி-சென்னை ரயில் புண்ணியத்துல சென்னை போனோம். மூணு புள்ளிக்கும் குறி வச்சுக் கதிர்வீச்சு, கூடவே தினம் ஒரு மாத்திரைன்னாங்க. எதுக்கு ரெண்டும்? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைக்குள்ள தள்ளிவிட்டுச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

1885-ல பால் எர்லிஷ்ங்கிற ஜெர்மானியர் பிராணிகளோட ரத்தத்துல சாயம் ஏத்திப் பார்த்தார். உடம்பெல்லாம் நிறம் பிடிச்சுது, மூளையில மட்டும் பிடிக்கல. மூளையோட ரத்தக்குழாய்ச் சுவர் நம்ம போடிமெட்டு செக்போஸ்ட் மாதிரி, கண்டதை உள்ள விடாது. கீமோ மருந்துகள்ல பெரும்பாலானதுக்கு அங்கே இதே கதிதான். அதனால மூளைக்குப் பரவினா தலை முழுக்கக் கதிர்வீச்சுங்கறதுதான் ரொம்ப காலம் வழக்கமா இருந்துச்சு.

மருந்தும் கதிரும் சேர்றது நம்மூருக்குப் புதுசில்லை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-ல அடையாறுல புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மகன் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்கு ப்ளியோமைசின் மருந்தையும் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்து, 1977-லயும் 1980-லயும் ஆய்வா எழுதினாங்க. வெத்தலை புகையிலை போடற சனம் இருக்கற ஊர்ல அது எவ்வளவு பெரிய வேலை! ஆனா வாய்க்குப் போற மருந்து மூளைக்குள்ள போகணுமே.

ரெண்டு பக்கமும் குறி கூர்மையாச்சு. ஸ்வீடன்ல லார்ஸ் லெக்செல் 1951-லயே யோசிச்சு, 1960களோட கடைசியில காமா கத்தியைக் கொண்டுவந்தார். பேர்தான் கத்தி, வெட்டுக் கிடையாது. பல கோபால்ட் கதிர்கள் ஒரே புள்ளியில வந்து சேரும். 1997-ல டில்லி எய்ம்ஸுக்கு வந்துச்சு. மாத்திரைப் பக்கம், ஈஜிஎஃப்ஆர்ங்கிற மரபணு மாற்றம் உள்ள நுரையீரல் புற்றுக்குன்னே மருந்துகள் வந்துச்சு. புகை பிடிக்காத ஆசியப் பெண்கள்கிட்ட இந்த மாற்றம் அதிகம். 2015-ல அமெரிக்காவில் அனுமதி வாங்கின ஓசிமெர்டினிப், அந்த செக்போஸ்ட்டைத் தாண்டி நல்லாவே உள்ள போகுது. விலையைக் கேட்டதும் அண்ணன் அப்படியே உக்காந்துட்டான்.

சேர்த்துக் கொடுத்தா லாபமா? 2017-ல அமெரிக்காவில் 351 பேரோட பழைய பதிவேடுகளைப் புரட்டினாங்க. குறிக்கதிர் கொடுத்துட்டு மாத்திரை ஆரம்பிச்சவங்க நடுக்கணக்கா 46 மாசம், மாத்திரையை முதல்ல ஆரம்பிச்சுக் கதிரைத் தள்ளிப் போட்டவங்க 25 மாசம். ஆனா அது பின்னோக்கிப் பார்த்த கணக்கு, மாத்திரையும் முந்தின தலைமுறை. டாக்டரும் இதை ஒளிக்காம சொன்னார்.

பெரியம்மா கேட்டது வேற. "ஏந்தம்பி, கணக்கு மறந்துருமா?"

2009-ல ஹூஸ்டன்ல 58 பேரை வச்சு இதைத்தான் பார்த்தாங்க. குறிக்கதிரோட தலை முழுக்கவும் கொடுத்தவங்களுக்கு நாலு மாசத்துல ஞாபகமும் கத்துக்கற திறனும் குறையற வாய்ப்பு 52 சதவீதம், குறிக்கதிர் மட்டும்னா 24. ஆய்வையே பாதியில நிறுத்திட்டாங்க. நான் இதைச் சொன்னப்ப, "அப்ப அந்த மூணை மட்டும் சுடச் சொல்லு"ன்னுட்டாங்க.

தலை அசையாம இருக்க முகத்துக்கு அச்சா ஒரு வலைமூடி செஞ்சாங்க. அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து ஆணியில மாட்டியிருக்காங்க, பேரப்பிள்ளைக அந்தப் பக்கமே போறதில்லை. போன தடவை ஊருக்குப் போனப்ப, ஆறு பேரோட கூலியை வரிசையா ஒப்பிச்சாங்க. அடுத்த ஸ்கேன் தை கடைசியில.