பெரியகுளத்து மலைப்பாதையும் வழிகாட்டிகளின் மருந்தறிவும்

பழனிமலையின் தெற்கு அடிவாரத்தில் வராக நதியை ஒட்டி அமைந்த பெரியகுளம் இன்று மாந்தோப்புகளால் அறியப்படினும், வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை அமைவதற்கு முன்னர் கொடைக்கானலுக்கு ஏறுவோரின் வாயிலாக அவ்வூரே விளங்கியது. கிருஷ்ணம நாயக்கன் தோப்பு வரை வண்டியில் வந்தவர்கள் அங்கிருந்து குதிரையிலோ டோலியிலோ கால்நடையாகவோ செங்குத்தான பாதையில் செண்பகனூரை நோக்கி ஏறினர். அச்சரிவுகளையும், அகமலை, வருசநாடு ஆகிய பகுதிகளின் காடுகளையும் தம் வாழ்விடமாகக் கொண்டவர்கள் பளியர். காட்டு வள்ளிக்கிழங்கைத் தோண்டியும் தேனெடுத்தும் வாழ்ந்த இவர்கள், கடுக்காய், சீயக்காய், மரத்தில் படரும் கல்பாசம் முதலியவற்றைச் சேகரித்துச் சமவெளிக்குக் கொடுத்து வந்தனர். வணிகர் ‘சிறு வனமகசூல்’ என்று எடைபோட்டு வாங்கிய அப்பொருள்களுக்குப் பின்னால் ஒரு பெரும் தாவர அறிவு இருந்தது என்பதை அரசுப் பதிவுகள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை.

நில அளவையாளர் வார்டு 1821இல் வெள்ளகவி வழியாக மலையேறினார். தாவரவியலாளர் ராபர்ட் வைட் 1836இல் இம்மலைகளுக்கு வந்து, தம் அவதானிப்புகளை மறு ஆண்டு சென்னை இலக்கிய அறிவியல் இதழில் வெளியிட்டார். மதுரை மாவட்ட விவரச்சுவடியை 1906இல் தொகுத்த டபிள்யூ. பிரான்சிஸ், மேற்பழனி, வருசநாட்டுக் காடுகளில் சிதறி வாழும் மிகவும் பின்தங்கிய மக்கள் என்று பளியரைக் குறித்தார். இரண்டாண்டுகள் கழித்துப் பாதிரியார் டாமென் ‘ஆந்த்ரோபோஸ்’ என்னும் மானிடவியல் இதழில் அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இத்தகைய பயணங்களில் சேகரித்த செடிகள் சென்றுசேரும் உலர்தாவரத் தொகுப்புகளில், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் நிலையங்களில், ஒவ்வொரு தாளிலும் செடியின் பெயரும் சேகரித்தவரின் பெயரும் எழுதப்படுவது வழக்கம். செடி இருக்குமிடத்துக்கு அழைத்துச் சென்றவரின் பெயருக்கு அத்தாளில் இடமில்லை.

பளியரின் அறிவு எத்தகையது என்பதை ஓரளவேனும் உள்ளிருந்து விளக்க முயன்றவர் அமெரிக்க மானிடவியலாளர் பீட்டர் கார்டனர். 1960களின் தொடக்கத்தில் பளியரிடையே தங்கிக் களப்பணி செய்த அவர், இச்சமூகத்தில் ஒருவர் மற்றொருவருக்கு அதிகாரத்தோடு கற்பிப்பதோ, பொதுவான பாடமாக அறிவைத் தொகுத்து வைப்பதோ அரிது என்று கண்டார். அவரவர் தம் அனுபவத்தில் கண்டதை நினைவில் கொள்வதால், ஒரே குடியிருப்பைச் சேர்ந்த இருவர் ஒரு பொருளைப் பற்றி வேறுபட்ட செய்திகளைச் சொல்லக்கூடும். அவ்வேறுபாடு அவர்களுக்கு ஒரு சிக்கலாகத் தோன்றுவதும் இல்லை. சித்த மருத்துவம் ஏட்டில் எழுதி, குருவின் வழியாகச் சீடனுக்குக் கைமாறிய மரபு. பளியரின் மருந்தறிவோ ஏடும் குருவும் இல்லாமல், காட்டில் நடந்து நடந்து ஒவ்வொருவரும் தாமே திரட்டிக்கொண்டது. இத்தகைய அறிவை வினாப்பட்டியல் கொண்டு திரட்டி, எத்தனை பேர் ஒரே விடையைச் சொன்னார்கள் என்று கணக்கிட்டு மதிப்பிடுவது, நெல்லை முழம் போட்டு அளப்பதற்கு ஒப்பாகும். ஆயினும் பிற்கால ஆய்வுகள் பலவும் அம்முறையையே பின்பற்றின. சென்னை லயோலா கல்லூரியின் இக்னாசிமுத்துவும் அவர் குழுவினரும் தேனி மாவட்டப் பளியரிடம் திரட்டி 2008இல் வெளியிட்ட பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துத் தாவரங்கள் இடம்பெற்றன. குறைகள் எவையாயினும், இம்மலைச்சரிவின் மருந்தறிவைத் தாவரவியல் பெயர்களோடு இணைத்த பணி என்ற வகையில் அது மதிக்கத்தக்கது.

இத்தகைய பட்டியல் நவீன மருத்துவத்துக்கு எவ்வாறு பயன்படும் என்பதற்குச் சிறுகுறிஞ்சான் தக்க சான்றாகும். மலையடிவாரங்களில் படரும் இக்கொடியின் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைத் தின்பது போலிருக்கும். இதற்குக் காரணமான ஜிம்னீமிக் அமிலத்தை 1887இல் பிரித்தெடுத்த டேவிட் ஹூப்பர், உதகமண்டலத்தில் கொயினா மருந்தை ஆராய அமர்த்தப்பட்ட அரசு வேதியியலாளர். நாவில் இனிப்பை உணரும் ஏற்பிகளை இவ்வமிலம் சிறிது நேரம் மறைக்கிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1990இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சண்முகசுந்தரமும் உடன் பணியாற்றியவர்களும், இன்சுலின் செலுத்திக்கொள்ளும் 27 நீரிழிவு நோயாளிகளுக்கு இவ்விலைச் சாற்றை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் அளவில் கொடுத்து, அவர்களுக்குத் தேவைப்பட்ட இன்சுலின் அளவு குறைந்ததாகப் பதிவு செய்தனர். நோயாளிகளின் எண்ணிக்கை சிறியதாதலின் அதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. இன்சுலினை நிறுத்திவிட்டு இலையை மெல்லலாம் என்பதும் அதன் பொருளாகாது. எந்தச் செடியை முதலில் ஆராய வேண்டும் என்று காட்டுவதே மரபறிவின் பயன். மருந்து என்று உறுதிசெய்வது ஆய்வகத்தின் வேலை.

ஹூப்பர் ஆராய்ந்த கொயினா மரமே வழிகாட்டிகளின் கதையை முழுமையாகச் சொல்லும். 1865இல் பொலிவியாவில் உயர்ந்த வகைக் கொயினா விதைகளைத் திரட்டி ஆங்கில வணிகர் சார்லஸ் லெட்ஜரிடம் சேர்த்தவர் மனுவேல் இன்க்ரா மாமானி என்னும் தொல்குடி வழிகாட்டி. அவ்விதைகளை வாங்கிய டச்சுக்காரர்கள் ஜாவாவில் வளர்த்து உலகக் கொயினா சந்தையைத் தம் கைக்குள் கொண்டுவந்தனர். மீண்டும் விதை சேகரிக்கச் சென்ற மாமானி, அதிகாரிகளிடம் சிக்கிச் சிறையில் அடிபட்டு, அதனாலேயே இறந்தார். மரத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் சிங்கோனா லெட்ஜெரியானா. அதே தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் மப்பூச்சே மக்கள் நம் சீயக்காயைப் போல் நுரைக்கும் கில்லாய் மரப்பட்டையைச் சலவைக்கும் மருந்துக்கும் பயன்படுத்தினர்; அப்பட்டையின் சபோனின் என்னும் நுரைப்பொருள், தடுப்பூசியின் ஆற்றலைக் கூட்டும் துணைப்பொருளாக இன்று பயன்படுகிறது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த, புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் மலேரியாத் தடுப்பூசியிலும் அது உண்டு.

வழிகாட்டிக்குப் பங்கு கிடைத்த ஒரு நிகழ்வு பெரியகுளத்துக்குத் தெற்கே, அகத்தியமலையில் நடந்தது. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் சென்ற ஆய்வுக் குழுவினர் மலையேற்றத்தில் களைத்துப்போன வேளையில், வழிகாட்டிகளாக உடன் வந்த காணிக்காரப் பழங்குடியினர் ஒரு சிறு காயை மென்றபடி தளராமல் நடந்தனர். தயக்கத்துக்குப் பின்னரே அவர்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து, மூன்று பிற மூலிகைகளையும் சேர்த்து, பாலோடு என்னும் ஊரிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு விழுக்காட்டுக்கும் உரிமம் வழங்கியது. அத்தொகையில் பாதி காணிக்காரரின் அறக்கட்டளைக்கு என்று முடிவாயிற்று. உலகெங்கும் புகழப்பட்ட இவ்வேற்பாடு நடைமுறையில் தடுமாறியது. காட்டிலிருந்து இலையைத் திரட்ட வனத்துறை இசையாததால் மூலப்பொருளே அரிதாயிற்று. இருப்பினும், பங்கு என்ற ஒன்று கொடுக்கத்தக்கது என்பதை அது நிறுவியது.

2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டம் அப்பங்கை விதியாக்கிற்று; 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மரபறிவின் மீது பழங்குடிகளுக்குச் சமூக உரிமை உண்டு என்று கூறுகிறது. ஆனால் மஞ்சளின் மருத்துவப் பயனுக்கு அமெரிக்காவில் வழங்கப்பட்டிருந்த காப்புரிமை 1997இல் நீக்கப்பட்ட பின்னர் உருவான மரபறிவு மின்னூலகம், ஆயுர்வேதம், சித்தம், யுனானி முதலியவற்றின் நூல்களிலிருந்து தொகுக்கப்பட்டது. நூலேறாத பளியர் அறிவு அதன் வரம்புக்கு வெளியே நிற்கிறது. உயிரினப் பன்மைச் சட்டத்தின் 2023ஆம் ஆண்டுத் திருத்தமோ, நூல்களில் தொகுக்கப்பட்ட அறிவைப் பயன்படுத்துவோருக்குப் பங்கு கொடுப்பதிலிருந்து விலக்களித்துள்ளது. சிறுகுறிஞ்சான் போலச் சித்த நூலிலும் பளியர் நாவிலும் ஒருசேர வாழும் செடிகளைப் பொறுத்தவரை, நூலைக் காட்டிப் பளியரைக் கடந்துசெல்ல இத்திருத்தம் வழிவிடுகிறது.

ஒவ்வோர் உள்ளாட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்பது உயிரினப் பன்மைச் சட்டத்தின் விதி. எழுதி வைப்பதிலும் இடர் உண்டு. பதிவேட்டில் ஏறியது பிறர் கண்ணுக்கும் எட்டும். ஆகவே கும்பக்கரை, அகமலை, வருசநாடு வட்டாரங்களின் ஊராட்சிகள் இப்பதிவேட்டை எழுதும்போது, எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதைப் பளியரிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும். அவர்கள் இசைந்தால், சொன்னவரின் பெயரையும் குடியிருப்பையும் செடியின் பெயருக்கு முன்னால் எழுத வேண்டும்.