ஷோகியின் காய்களும் விதிகளும்: இரண்டு வேர்களிலிருந்து விரியும் ஓர் ஆட்டமுறை

1. ஆய்வுப் பொருள்

ஜப்பானின் ஷோகி, இந்தியச் சதுரங்கத்திலிருந்து கிளைத்த ஆட்டக் குடும்பத்தைச் சேர்ந்தது. எதிரி அரசனைத் தப்ப வழியின்றி மடக்குவதே இரண்டிலும் வெற்றி. ஆயினும் சதுரங்கம் பழகிய ஒருவர் ஷோகியின் விதிகளைப் படித்தால், ஒன்றோடொன்று தொடர்பற்ற தடைகளும் விலக்குகளும் குவிந்து கிடப்பதாகவே எண்ணுவார். இக்கட்டுரை அந்த எண்ணத்தை மறுக்கிறது. ஷோகியின் தனி விதிகள் பெரும்பாலும் இரண்டு வேர்களிலிருந்து பிறப்பவை: ஒன்று, காய்கள் முன்னோக்கிப் பாயும் இயல்பு, மற்றொன்று, வெட்டப்பட்ட காய் வெட்டியவரின் படையில் சேர்வது.

2. பலகையும் காய்களும்

2.1 அமைப்பு: பலகையில் 9 வரிசை, 9 நிரல், ஆக 81 கட்டங்கள். கட்டங்களுக்குக் கறுப்பு வெள்ளை வேறுபாடு இல்லை. ஒருவருக்கு 20 காய்கள். கடைசி வரிசையின் நடுவில் அரசன். அவனுக்கு இருபுறமும் பொன் தளபதி, வெள்ளித் தளபதி, குதிரை, ஈட்டி என்ற ஒழுங்கில் இணை இணையாகக் காய்கள் நிற்கும். இரண்டாம் வரிசையில் ஆடுபவரின் வலப்புறம் தேரும் இடப்புறம் மூலைக்காயும் நிற்கும். மூன்றாம் வரிசை முழுவதும் 9 காலாட்கள்.

2.2 நகர்வு: அரசன் எட்டுத் திசையிலும் ஒரு கட்டம் செல்வான். தேர் நேர்க்கோட்டிலும் மூலைக்காய் மூலைவிட்டத்திலும் எத்தனை கட்டமும் போகலாம். பொன் தளபதிக்குப் பின்மூலைகள் இரண்டு தவிர ஆறு கட்டங்கள் உண்டு. வெள்ளித் தளபதிக்கு முன்புறம் மூன்றும் பின்மூலை இரண்டுமாக ஐந்து. குதிரை தாண்டிக் குதிக்கும். ஆனால் முன்னே இரண்டு, பக்கவாட்டில் ஒன்று என்ற இரு கட்டங்களுக்கு மட்டுமே. ஈட்டி நேர் முன்னே எவ்வளவு தூரமும் பாயும். காலாள் முன்னே ஒரு கட்டம் செல்வான். வெட்டுவதும் அதே திசையில்தான்.

காலாள், குதிரை, ஈட்டி மூன்றும் பின்வாங்கவே இயலாதவை. ஒருவரின் 20 காய்களில் இவையே 13. முதல் வேர் இதுதான்.

2.3 வடிவம்: காய்கள் ஐங்கோண மரத்துண்டுகள், பெயர் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இரு தரப்புக்கும் ஒரே நிறம். கூர்முனை எதிரியை நோக்கி நிற்பதை வைத்தே உரியவர் யார் என்று அறிய வேண்டும். எனவே வெட்டிய காயைத் திருப்பி வைத்தால் போதும், அது நம்முடையதாகிவிடும்.

3. தகுதி உயர்வு

பலகையில் எதிரியின் பக்கத்து மூன்று வரிசைகள் உயர்வு மண்டலம். அதற்குள் நுழையும்போதோ, உள்ளே நகரும்போதோ, வெளியேறும்போதோ காயைப் புரட்டி உயர்வு பெறலாம். காலாள், ஈட்டி, குதிரை, வெள்ளி நான்கும் உயர்ந்தால் பொன்னைப் போலவே நகரும். தேர் தன் பழைய ஆற்றலோடு மூலைக்கு ஒரு கட்டமும், மூலைக்காய் நேருக்கு ஒரு கட்டமும் கூடுதலாகப் பெறும். அரசனுக்கும் பொன்னுக்கும் உயர்வு இல்லை.

உயர்வு பொதுவாக ஆடுபவரின் விருப்பம். ஆனால் கடைசி வரிசையை அடையும் காலாளும் ஈட்டியும், கடைசி இரு வரிசைகளை அடையும் குதிரையும் உயர்ந்தே ஆக வேண்டும். இல்லையேல் அவற்றுக்கு நகர இடமில்லை. இந்தக் கட்டாயம் முதல் வேரின் நேர் விளைவு.

4. கைக்காய்

வெட்டிய காய் ‘கைக்காய்’ ஆகிறது. தம் முறை வரும்போது, பலகைக் காயை நகர்த்துவதற்குப் பதிலாக, கைக்காயைக் காலியான எந்தக் கட்டத்திலும் இறக்கலாம். உயர்வு பெற்றிருந்த காயும் வெட்டப்பட்டதும் பழைய நிலைக்கே திரும்பும். உயர்ந்த காலாளின் மதிப்பு இங்கேதான் புலப்படும்: பொன்னின் ஆற்றலோடு தாக்கும் அக்காயை எதிரி வெட்டினாலும், அவர் கைக்கு வருவது வெறும் காலாளே.

சதுரங்கத்தில் ஆட்டம் செல்லச் செல்லப் பலகை வெறுமையாகும்; ஷோகியில் 40 காய்களும் இறுதிவரை புழக்கத்தில் இருக்கும். அதனால் சமநிலை அரிது. இறுதிக்கட்டம் நடுக்கட்டத்தைவிடக் கடுமையானது.

5. தடை விதிகள்

இறக்கும் உரிமைக்கு மூன்று வரம்புகள் உண்டு. மீறினால் உடனடித் தோல்வி.

(அ) நகர முடியாத கட்டத்தில் காலாள், ஈட்டி, குதிரையை இறக்கக் கூடாது. இரு வேர்களும் சந்திக்கும் விதி இது.

(ஆ) தம் உயராத காலாள் ஏற்கெனவே நிற்கும் நிரலில் இன்னொரு காலாளை இறக்கக் கூடாது. இதன் பெயர் ‘நிஃபு’. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான தொழில்முறை ஆட்டங்களிலும் இந்தத் தவறு நிகழ்ந்திருக்கிறது.

(இ) காலாளை இறக்கி அதே நகர்வில் செக்மேட் செய்யக் கூடாது. இறக்கிச் செக் வைக்கலாம். பலகையில் நிற்கும் காலாளை நகர்த்திச் செக்மேட்டும் செய்யலாம்.

6. முடிவு விதிகள்

6.1 ஒரே நிலை, ஒரே கைக்காய்களோடும், அதே ஆட்டக்காரரின் முறையாகவும் நான்காம் தடவை வந்தால் ஆட்டம் செல்லாது. முதலில் ஆடுபவரை மாற்றி மீண்டும் ஆடுவர். தொடர் செக்கால் அந்நிலை உருவானால் செக் வைத்தவர் தோற்பார்.

6.2 இரு அரசர்களும் எதிரியின் மண்டலத்துக்குள் புகுந்துவிட்டால், முன்னோக்கிப் பாயும் காய்களால் அவர்களை மடக்குவது கடினம். அப்போது தேருக்கும் மூலைக்காய்க்கும் 5, அரசன் தவிர்த்த மற்றவற்றுக்கு 1 என்று புள்ளி எண்ணுவர். மொத்தம் 54. தொழில்முறை ஆட்டத்தில் 24 புள்ளிக்குக் குறைந்தவர் தோற்பார். இருவருக்கும் 24-க்குக் குறையாமல் இருந்தால் ஆட்டம் சமன். கைக்காய்களும் இக்கணக்கில் சேரும்.

7. வரலாற்றுச் சான்று

வடிவம் முந்தியதா, கைக்காய் விதி முந்தியதா? நாராவின் கோஃபுகுஜி கோயில் வளாக அகழாய்வில், 1058-ஆம் ஆண்டைக் குறிக்கும் மர ஏட்டுடன் ஐங்கோணக் காய்கள் கிடைத்தன. பின்னர் பரவிய, 12 × 12 கட்டங்களும் 92 காய்களும் கொண்ட ‘சூ ஷோகி’யிலும் காய்களின் வடிவம் இதுவே, ஆனால் அதில் இறக்கும் உரிமை கிடையாது. ஆகவே விதிக்காக வடிவம் அமைக்கப்பட்டது என்ற கருத்து நிற்காது. ஒரே நிறக் காய்கள் வாய்ப்பைத் திறந்தன. 40 காய் ஆட்டம் அதைப் பயன்படுத்திக்கொண்டது. 1612-இல் தோகுகாவா அரசு ஓஹாஷி சோகெய்க்கு மானியம் அளித்தபோது, இந்த ஆட்டம் அரசு ஆதரவு பெற்ற கலையாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், கைக்காய் விதி போர்க்கைதிகளை இழிவுபடுத்துகிறதா என்று ஆக்கிரமிப்புப் படை அதிகாரிகள் கேட்டதாகவும், பிடிபட்டவரைக் கொல்லாமல் அவரவர் பதவியிலேயே வேலை கொடுப்பது ஷோகி என்று தாம் விடையளித்ததாகவும் ஆட்டவீரர் மாசுதா கோசோ கூறியிருக்கிறார்.

8. முடிவுரை

கட்டாய உயர்வும் அரசர் நுழைவுச் சிக்கலும் முதல் வேரைச் சார்ந்தவை; நிஃபு, காலாள் செக்மேட் தடை, சமநிலையின் அருமை ஆகியவை இரண்டாம் வேரைச் சார்ந்தவை; நகரமுடியாக் கட்டத் தடை இரண்டையும் சார்ந்தது. ஷோகியைக் கற்பிப்போர் தடைகளைப் பட்டியலாக மனப்பாடம் செய்விப்பதை விட்டு, இவ்விரு வேர்களிலிருந்து தொடங்குவதே முறை.