வெந்தயத்தின் வழவழப்புக்கு ஒரு வரலாறு

வெந்தயத்தோட அறிவியல் பெயர் ட்ரைகோனெல்லா ஃபோனம் கிரேக்கம். பின்பாதிக்கு லத்தீன் மொழியில் 'கிரேக்கத்து உலர்தீவனம்' என்று அர்த்தம். ஆமாங்க, மாட்டுத் தீவனம்தான். 2,100 வருசத்துக்கும் முன்னால் ரோமில் கேட்டோ என்பவர் விவசாயத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அதில் உழவு மாடுகளுக்காக விதைக்க வேண்டிய தீவனப் பயிர்களில் ஒன்றாக வெந்தயத்தையும் சொல்லியிருக்கிறார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கார்த்திகைக் குளிரில் ரெண்டு பாத்தி வெந்தயம் போட்டு, கீரை பறித்ததுபோக மிச்சமிருக்கிற செடியைக் கட்டுத்தறியில் போட்டால் எங்க மாடு ஒரு தண்டுகூட மிச்சம் வைக்காது.

மனுசனும் இதை ரொம்ப காலமாகத் தெரிந்துதான் வைத்திருக்கிறான். ஈராக்கில் ஒரு பழைய குடியிருப்பில் கிடைத்த கருகிய வெந்தய விதைகளுக்கு 6,000 வருச வயசு சொல்கிறார்கள். எகிப்தில் துட்டன்காமன் கல்லறையை 1922-ல் திறந்தபோது, உள்ளே வைத்திருந்த பொருட்களில் வெந்தயமும் இருந்தது.

எனக்குப் பிடித்த கதை போர்க்களத்துக் கதை. கி.பி. 67-ல் கலிலேயாவில் யோதபாத்தா என்ற ஊரை ரோமானியப் படை முற்றுகையிட்டது. மதிலில் ஏறப் பலகைகளைச் சாய்த்தார்கள். உள்ளே இருந்த யூதர்கள் வெந்தயத்தை வேகவைத்து அந்தப் பலகைகள் மேல் ஊற்றினார்கள். ஏறிய சிப்பாய்கள் நிற்க முடியாமல் வழுக்கி விழுந்தார்கள். அந்த முற்றுகைக்குள் தளபதியாக இருந்த ஜொசீஃபஸே இதை எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் ஊர் விழுந்துவிட்டது, அது வேற விசயம்.

இந்த வழவழப்பைத்தான் நான் சொல்ல வந்தேன். வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கொழகொழன்னு இருக்குமே, அது தண்ணீரில் கரைந்து கூழாகிற ஒரு நார்ச்சத்து. கேலக்டோமன்னன் என்று பெயர். தோசை மாவில் ஒரு ஸ்பூன் வெந்தயம் சேர்த்து ஆட்டினால் மாவு பொங்கி நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு. வயிற்றுக்குள் போனாலும் இதே கூழாகித்தான் சாப்பாட்டுச் சர்க்கரை ரத்தத்தில் சேர்கிற வேகத்தைக் குறைக்கிறது. மலச்சிக்கல் இளகுவதும் இதனால்தான்.

நம்ம வீட்டுப் பெண்கள் இந்தப் பெயரெல்லாம் தெரியாமலே பக்குவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வெந்தயக்களியை எடுத்துக்குங்க. ஒரு டம்ளர் புழுங்கலரிசி, ரெண்டு மேசைக்கரண்டி வெந்தயம், அதே அளவு உளுந்து. அஞ்சு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி ஆட்டி, தண்ணீர் விட்டுக் கரைத்து, சின்னத் தீயில் கைவிடாமல் கிண்டணும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். நடுவில் குழி பறித்துக் கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் ஊற்றிச் சாப்பிடணும். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் எங்க பக்கம் இதைத்தான் கிண்டிக் கொடுப்பாங்க. கோடையில் வயிறு கடுத்தால் ஊறின வெந்தயம் ஒரு ஸ்பூன், ஒரு சொம்பு மோர். தலைக்கு அரைத்துத் தேய்த்தால் சீயக்காயே வேண்டாம்.

கவனிச்சுப் பாருங்க, எல்லாத்துலயும் வெந்தயம் ஊறுது, அரைபடுது, சோறோடவோ மோரோடவோ சேர்ந்து உள்ளே போகுது. தனி மாத்திரையாகப் போகலை.

இனி நம்ம காலத்துக்கு வருவோம். 1918-ல் நம்ம குன்னூரில் மெக்காரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராய ஒரே அறையில் ஒரு கூடம் ஆரம்பித்தார். அது வளர்ந்து 1958-ல் ஹைதராபாத் போய், இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே செய்த வெந்தய ஆராய்ச்சி ஒன்று 1990-ல் வெளிவந்தது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்குப் பத்து நாள் வெந்தயப்பொடி கலந்த சாப்பாடு கொடுத்தார்கள். சிறுநீரில் போகிற சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது.

இந்த 54-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேர் அனுப்புகிறார்கள். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை யாரும் அனுப்புவதில்லை. எண்ணெய் நீக்கிய பொடி, நாளுக்கு 100 கிராம்! மதியம் பாதி, ராத்திரி பாதி, சாப்பாட்டிலேயே கலந்து. நீங்க காலையில் விழுங்குகிற ஒரு ஸ்பூன் வெந்தயம் நாலு கிராம்தான் இருக்கும். அதுபோக, அவர்கள் இன்சுலின் இல்லாமல் வாழ முடியாத நோயாளிகள்.

சென்னையில் இருக்கிற எங்க சித்தப்பா இதே மாதிரி ஒரு தகவலை நம்பி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மூணு மாசம் வெந்தயத் தண்ணீர் மட்டும் குடித்தார். கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரெண்டு விரலை எடுத்தார்கள். வெந்தயம் அவரை ஏமாற்றலை. அது தனக்குத் தெரிந்த வேலையைத்தான் செய்தது. செய்ய முடியாத வேலையை அதன் தலையில் கட்டியதுதான் வினை.

அதனால் உங்களுக்குச் சொல்றேன். வெந்தயம் சாப்பிடுங்க, மாத்திரையை நிறுத்தாதீங்க. மாத்திரையோடு அளவு கூட்டினால் சர்க்கரை ரொம்பத் தாழவும் வாய்ப்பு இருக்குது, டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்க. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறவங்களும் கர்ப்பிணிகளும் மருந்து அளவில் இதைத் தொடக்கூடாது. குழம்பில் தாளிக்கிற அளவு போதும். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்காதவங்களும் பார்த்துச் சாப்பிடணும், இதுவும் அதே பயறு வகைக் குடும்பம்தான்.

இன்னொண்ணு. மாடித்தோட்டத்துக்கு விதைக்கடையில் வாங்கின வெந்தயம் மீதி இருந்தால் அதை ஊறப்போட்டுச் சாப்பிட்டுடாதீங்க. விதைப்புக்குன்னு விற்கிறதில் பூஞ்சாண மருந்து கலந்திருக்கலாம். சாப்பிடுறதுக்கு மளிகைக்கடை வெந்தயம் வாங்குங்க. அதையே ஒரு பிடி தொட்டியில் தூவினாலும் முளைக்கும், இருபத்தஞ்சு நாளில் கீரை கிள்ளலாம்.