இரண்டு கலனுக்குக் குறைவாக வாங்கியவர்கள்

சாராயத்திற்கு வரியை ஏற்று, குடி தானாக நிற்கும் என்பது நம்மவர் மத்தியில் அடிக்கடி கேட்கும் வாதம். நாம் அகதிகளாக வந்து சேர்ந்த இந்த லண்டன் நகரம் இதனைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பரீட்சித்துப் பார்த்தது.

ஜின்னை ஏழைகளின் வாயில் ஊற்றியது அரசுதான் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும். பிரெஞ்சுப் பிராந்தியைத் தடைசெய்து, தானியத்திலிருந்து மது வடிப்பதை 1690இல் எவருக்கும் திறந்துவிட்டார்கள். நிலவுடைமையாளரின் மிகைத் தானியத்திற்குச் சந்தை கிடைத்தது. பின்னர் வேலைக்காரரும் நெசவாளரும் குடித்து விழுந்தபோது, அதே நிலவுடைமையாளர் நிறைந்த பாராளுமன்றம் கவலைப்பட்டது.

1736ஆம் ஆண்டுச் சட்டம் சில்லறையாக விற்கும் கலன் ஒன்றுக்கு 20 ஷில்லிங் வரியும், விற்பவருக்கு வருடம் 50 பவுண் அனுமதிக் கட்டணமும் விதித்தது. சில்லறை என்றால் இரண்டு கலனுக்குக் குறைவானது. ஒரேயடியாக இரண்டு கலன் வாங்க வசதி உள்ளவரை இவ்வரி தொடவில்லை! சட்டத்தின் வர்க்க குணத்தைக் காட்ட வேறு சான்று தேவையில்லை.

அனுமதிப்பத்திரம் எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். விற்பனை நிலவறைக்கும் சந்துக்கும் போயிற்று. பிராட்ஸ்ட்ரீட் என்பவர் யன்னலில் பூனைப் படமொன்றை மாட்டினார். பூனையின் வாயில் காசைப் போட்டால் பாதத்தின் கீழிருந்த ஈயக்குழாயால் ஜின் வடியும். நமது கசிப்புக்காரருக்குக்கூட இந்த யோசனை வரவில்லை. காட்டிக்கொடுப்பவருக்கு 5 பவுண் சன்மானம். ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஏறத்தாழ ஓராண்டுச் சம்பளம் அது. பிடிபட்டவர்களில் தெருவில் கூவி விற்ற ஏழைப் பெண்களே ஏராளம். அபராதம் கட்ட வழியற்றவர்கள் சிறை சென்றார்கள். காட்டிக்கொடுத்தோரைச் சனம் தெருவில் அடித்தது, சிலரைக் கொன்றும்விட்டது.

வடிசாலையில் அறவிட்ட தீர்வையோ சொற்பமாகவே இருந்தது. ஆகவே முறைப்படி வடித்து, களவாக விற்றார்கள். 1743இல் ஆண்டு உற்பத்தி சுமார் 80 இலட்சம் கலன். அவ்வருடம் போருக்குப் பணம் தேவைப்பட, அரசு அச்சட்டத்தைக் கைவிட்டு, கட்டணத்தை 1 பவுணாகக் குறைத்து, வடிசாலைத் தீர்வையைச் சிறிது ஏற்றியது. 1751இல் வடிசாலைக்காரர் சில்லறையாக விற்பது தடுக்கப்பட்டது. பின்னர் அறுவடை பொய்த்த ஆண்டுகளில் தானியத்தில் வடிப்பதே நிறுத்தப்பட்டது. குடி உண்மையாகக் குறைந்தது அப்போதுதான்.

இதைக்கொண்டு விலை ஏற்றுவது வீண் என்று நான் வாதிடவில்லை. ஸ்கொட்லாந்து 2018இல் மதுவின் ஓர் அலகுக்கு 50 பென்ஸ் என ஆகக் குறைந்த விலை நிர்ணயித்தது. 2024இல் அது 65 பென்ஸ் ஆனது. மதுவினால் நேர்ந்த மரணங்கள் 13 வீதமளவில் குறைந்தன என்று 2023இல் வெளியான அரச மதிப்பீடு கூறுகிறது. ஆனால் இது வரியன்று. கூடிய பணம் கடைக்காரருக்கே போகிறது. குடிக்கு அடிமைப்பட்ட ஏழைகள் சிலர் போத்தலைக் குறைக்கவில்லை, சாப்பாட்டைக் குறைத்தார்கள் என்பதும் அதே மதிப்பீட்டில் இருக்கிறது.